இரவல் விரல்

அறவாழியைச் சட்டம் பிடித்தது பெயரை வைத்தல்ல, முகத்தை வைத்தல்ல, கட்டைவிரலை வைத்து. பெயரை மாற்றிக்கொள்ளலாம். போனை மாற்றிக்கொள்ளலாம். உறையூரில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, நான் சிங்கப்பூரில் இருக்கிறேன் என்று போனையே நம்பவைக்கலாம். அதையெல்லாம் அவன் செய்துபார்த்தவன்தான். கட்டைவிரலை எங்கே கொண்டுபோய் மாற்றுவது?

பணம் வைத்து ஆடும் இணையச் சீட்டுத் தளங்களுக்குத் தடை வந்த புதிதில் ஆட்டக்காரர்கள் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. வாசலைப் பூட்டினால் கொல்லைப்பக்கம் இருக்கிறதே என்று இருந்தார்கள். கொல்லைப்பக்கமும் கொஞ்ச காலம் திறந்துதான் இருந்தது. அப்புறம்தான் விரல்நடை வந்தது. தெருமுனையில் வரும்போதே நடையை வைத்து இன்னார் என்று சொல்லிவிடுகிறோமே, அதே சங்கதிதான். திரையைத் தொடும்போது விரல் எத்தனை நேரம் தங்குகிறது, எவ்வளவு அழுத்துகிறது, எடுக்கும்போது எந்தப் பக்கம் சரிகிறது, அடுத்ததைத் தொட எவ்வளவு தயங்குகிறது, எல்லாம் சேர்ந்தது விரல்நடை. மூடப்பட்ட தளங்களின் பழைய பதிவுகளிலிருந்து ஆட்டக்காரர்களின் விரல்நடையை எடுத்துப் பட்டியல் போட்டார்கள். நாட்டில் விற்கும் ஒவ்வொரு போனிலும் அந்தப் பட்டியல் உண்டு. அதில் இருக்கிற விரல் ஒரு சீட்டு மேசையைத் தொட்டால் திரை வெளுத்துப்போய் ஒரே ஒரு வரி வரும்: இந்தச் சேவை உங்களுக்கு இல்லை.

அது முதல் பட்டியல். அதில் இருந்தால் ஆட முடியாது, அவ்வளவுதான். வெளியே யாருக்கும் தெரியாது. தடைக்குப் பிறகும் ஆடி மாட்டிக்கொள்கிறவர்களுக்கு இரண்டாம் பட்டியல் என்று ஒன்று வைத்திருந்தார்கள். அதில் பேர் ஏறினால் மருந்து, பணம், சாவி, குழந்தைகள், இந்த நாலில் எதையும் அவர்களை நம்பி ஒப்படைக்கக் கூடாது. கல்யாணத்துக்குப் பெண் கேட்டுப் போகிறவர்கள்கூட அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறவாழி தோற்றுத் தெருவுக்கு வந்தவன் என்று நினைத்துவிட வேண்டாம். நாலு வருஷம் போக்கர் ஆடியே சம்பாதித்தவன். எதிராளி எப்போது வெறுங்கையோடு பந்தயத்தை ஏற்றுகிறான், எப்போது கையில் சரக்கை வைத்துக்கொண்டு பம்முகிறான் என்பதை அவன் பொத்தானை அழுத்த எடுத்துக்கொள்ளும் நேரத்தை வைத்தே சொல்லிவிடுவான். 'இது சூதாட்டமில்ல, திறமை' என்று கேட்டவர்களிடமும் சொல்வான், கேட்காதவர்களிடமும் சொல்வான். அக்காவிடம் மட்டும் சொன்னதில்லை. அக்காவுக்கு அவன் ஐ.டி. கம்பெனியில் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவன். தமிழாசிரியராக இருந்த அப்பா ஆசைப்பட்டு வைத்த பேர் அறவாழி. முப்பத்திமூன்று வயதில் அந்தப் பேரைச் சுமந்துகொண்டு பொய் சொல்வது அவனுக்கே சில சமயம் கூசும். கூசும், அப்புறம் பழகிவிடும்.

அக்கா மங்கையர்க்கரசி அவனைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் எலும்பு வார்டின் மூத்த நர்ஸ். அங்கே அவள் மங்கை சிஸ்டர். கணவர் சவூதியில் கிரேன் ஓட்டுகிறார், மகள் சென்னையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அம்மா அப்பா இருவரும் போன பிறகு தம்பியை உறையூர் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்து மாடி அறையைக் கொடுத்தவள். இருபத்திரண்டு வருஷ வேலையில் ஒரு மாத்திரை மாற்றிக் கொடுத்தாள் என்ற பேச்சு கிடையாது. சும்மா சொல்லவில்லை, அந்த மருத்துவமனையில் டாக்டர்களே அவளிடம் கொஞ்சம் பயந்துதான் பேசுவார்கள்.

விரல்நடை வந்து அவன் போன் வெளுத்த பிறகு, அறவாழி ஆறு மாதம் வேலை தேடினான். நாலு வருஷமாக எங்கே இருந்தீர்கள் என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்டார்கள். அவனோடு ஆடியவர்களில் ஒருவன் நாமக்கல்லில் கோழிக்கடை போட்டான், ஒருவன் நேபாளத்துக்குப் போனான், ஒருவன் போனையே எடுப்பதில்லை. அறவாழிக்குப் பணம்கூடப் பெரிய கஷ்டமாக இல்லை, சேமிப்பு இருந்தது. கையைத்தான் சும்மா வைத்திருக்க முடியவில்லை. டீ குடிக்கும்போது டம்ளரின் மேல் கட்டைவிரல் தானாக ஏறி இறங்கும். அக்கா பார்த்துவிடுவாளோ என்று டம்ளரை இடது கைக்கு மாற்றிக்கொள்வான்.

அப்போதுதான் வெளிநாட்டுத் தளம் ஒன்றிலிருந்து அவனுக்குத் தகவல் வந்தது. அவர்கள் ஒரு தந்திரம் செய்திருந்தார்கள். மேசையில் சீட்டுக்கே வேஷம் போட்டுவிட்டார்கள். ராஜா ராணி கிடையாது. மாம்பழம், கிளி, யானை, குடை என்று குழந்தைகள் புத்தகத்துப் படங்கள். பார்க்கிறவர்களுக்குப் பாப்பா விளையாட்டு. எந்தப் படம் எந்தச் சீட்டு என்று தெரிந்தவனுக்குப் போக்கர். ஆனால் அந்த வேஷம் கண்ணை ஏமாற்றும், போனை ஏமாற்றாது; விரல் வேண்டுமே. பட்டியலில் இல்லாத ஒரு விரல்.

நண்பர்களைக் கேட்கலாம். ஆனால் நண்பன் சொன்னதைச் செய்யமாட்டான், தன் புத்தியையும் கொஞ்சம் கலப்பான். சொன்னதைச் சொன்னபடி, ஒரு நூல் பிசகாமல் செய்கிற விரல் வேண்டும். அப்படி ஒரு விரல் அவனுக்குத் தெரிந்து உலகத்திலேயே ஒன்றுதான் இருந்தது. அது தினமும் மூன்றரை மணிக்கு டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்து அவனுக்கு டீ போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது.

கம்பெனியில் குழந்தைகளுக்கான விளையாட்டு ஒன்று தயாராகிறது, அதைப் பழக்கமில்லாத கை தொட்டால் எப்படி இருக்கும் என்று சோதிக்க வேண்டும், தினமும் அரை மணி நேரம் நான் சொல்கிற இடத்தில் தொட்டால் போதும் என்றான். அவள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட அவன் கொஞ்சம் தயங்கியிருப்பானோ என்னவோ. தம்பிக்கு வேலை நன்றாகப் போகிறது என்ற சந்தோஷத்தில் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கையைக் கழுவாமல் எதையும் தொட மாட்டாள், அது அவள் பழக்கம்.

இன்னொரு பழக்கமும் உண்டு. டாக்டர் வாயால் ஒரு மருந்தைச் சொன்னால் நர்ஸ் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். டாக்டர் 'ஆமாம்' என்ற பிறகுதான் ஊசியை எடுக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷம் அப்படியே செய்து செய்து, அவளுக்கு அது மூச்சு விடுவது மாதிரி ஆகிவிட்டது. அறவாழி "யானைக்குப் பக்கத்துல பச்சை" என்பான். அவள் "யானைக்குப் பக்கத்துல பச்சை" என்பாள். அவன் "ம்" என்ற பிறகு தொடுவாள். முதல் வாரம் அவனுக்கு எரிச்சலாக இருந்தது. அப்புறம் அவனும் அதற்கு ஏற்ப யோசிக்கப் பழகிக்கொண்டான்.

ஐந்து மாதம் அப்படிப் போனது. அவன் ஜெயித்துக்கொண்டுதான் இருந்தான். அவளும் ரசித்தாள் என்பதுதான் வேடிக்கை. கிளி வந்தால் நல்லது என்று அவளாக ஒரு முடிவுக்கு வந்து, கிளி வரும்போதெல்லாம் சிரிப்பாள். கீழ்வீட்டு சகாயமேரியிடம், என் தம்பி ஒரு விளையாட்டு பண்றான், அதுல என் கையும் இருக்கு என்று பெருமையடித்துக்கொண்டாள். அதை அவன் படியிறங்கும்போது கேட்டான். கேட்டுவிட்டு, கேட்காதவன் மாதிரி கடைக்குப் போய் வந்தான். மறுநாள் நாலு மணிக்கு அக்கா கையைக் கழுவிக்கொண்டு வந்தபோது, போனை எடுத்து நீட்டவும் செய்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவள் பன்னிரண்டு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். காலையில் லாரி டிரைவர் ஒருவரைத் தொடை எலும்பு முறிந்து கொண்டுவந்திருந்தார்கள். வலி தாங்காமல் அவர் படுக்கை விரிப்பைக் கடித்துக்கொண்டிருந்தார். டாக்டர் மார்பின் சொன்னார். வலி மருந்து அலமாரி நர்சின் விரலுக்குத்தான் திறக்கும். மங்கை விரலை வைத்தாள். அலமாரித் திரை வெளுத்தது. மறுபடி வைத்தாள். விரலைத் துடைத்துவிட்டு வைத்தாள். இந்தச் சேவை உங்களுக்கு இல்லை. கடைசியில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்கூட ஆகாத ஒரு பெண் வந்து திறந்து ஊசியை எடுத்தாள். ஒரு மணி நேரத்தில் கண்காணிப்பாளர் கூப்பிட்டு, பட்டியல் தெளிவாகும்வரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

"மெஷின் கோளாறா இருக்கும்டா. எம் பேரு அந்தப் பட்டியல்ல எப்படி வரும்" என்றாள் அக்கா.

அவள் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோது அறவாழிக்கு முதலில் வந்த நினைப்பு என்ன தெரியுமா? எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஐயோ அக்கா என்றல்ல. இனிமேல் யார் விரலைப் பிடிப்பது என்றுதான் வந்தது. அது வந்து போன பிறகுதான் மற்றதெல்லாம் வந்தது. அந்த முதல் நினைப்பை அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அது வந்ததை அவனால் இல்லையென்று சொல்ல முடியாது.

நடந்தது அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. வெளிநாட்டுத் தளம் பிடிபட்டு, அதன் பதிவுகள் கைக்கு வந்திருக்கின்றன. ஐந்து மாதம் தினமும் ஆடிய ஒரு விரல். அந்த விரல் உறையூர் மங்கையர்க்கரசியுடையது. தடைக்குப் பிறகு ஆடியதால் நேராக இரண்டாம் பட்டியல்.

சொல்லியிருக்கலாம். அந்த நாற்காலிக்கு எதிரிலேயே சொல்லியிருக்கலாம். அவன் டீ போடட்டுமா என்று கேட்டான்.

எட்டு நாள் அப்படி இருந்தான். விஷயம் தெரு முழுக்கப் பரவிவிட்டது. மருத்துவமனையில் கூட வேலை பார்த்தவர்கள், மங்கை சிஸ்டரா, நம்ப முடியவில்லையே என்று போன் செய்து கேட்டார்கள். நம்ப முடியாதவர்கள் எதற்கு அத்தனை பேரும் போன் செய்ய வேண்டும்? சகாயமேரி தன் வீட்டுச் சாவியை எப்போதும் மங்கையிடம்தான் கொடுத்துவிட்டுப் போவாள். அந்த வாரம் அதைப் பக்கத்துத் தையற்கடையில் கொடுத்துவிட்டுப் போனாள். அக்கா அதை மாடியிலிருந்து பார்த்தாள். பார்த்துவிட்டுத் துணியை மடித்தாள். அறவாழி பின்னால்தான் நின்றான். மடித்த துணியை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தான். சட்டம் கொடுத்த தண்டனை இன்னும் அவனுக்கு வரவில்லை. அவன் தன்னையே வெறுப்பது மட்டும் ஆரம்பித்துவிட்டது.

மறுபரிசீலனைக்கு மனுப் போட்டு அவள் தனியாகவே போய்வந்தாள். கன்டோன்மென்ட் பக்கம் ஒரு மூன்றாம் மாடி அலுவலகம். அதிகாரியின் பெயர் செபஸ்தியான், நல்ல மனிதர், தண்ணீர் கொடுத்து உட்காரவைத்துப் பேசினார் என்றாள். அவளையே ஒரு திரையில் சீட்டாட வைத்தார்களாம். எனக்கு ஆடத் தெரியாது என்றதற்கு, தெரிந்தவரைக்கும் தொடுங்கள் என்றார்களாம். பிறகு அவர் ஒரு விஷயம் சொல்லியிருக்கிறார். அதை அவள் தம்பியிடம் வார்த்தை மாறாமல் சொன்னாள்.

"ஒவ்வொரு தடவையும் தொடுறதுக்கு முன்னாடி ரெண்டரை செகண்டு நிக்குதாம். ஜெயிச்சாலும் அதேதான், தோத்தாலும் அதேதான். பணம் வெச்சு ஆடுற எவனும் இவ்வளவு நிதானமா இருந்ததே இல்லயாம். விரல் உங்களோடது, ஆட்டம் வேற யாரோடதோ மாதிரி இருக்கும்மா, அந்த ஆள் வந்து ஒத்துக்கிட்டாத்தான் நான் ஏதாவது செய்ய முடியும்னாரு."

அறவாழி அவள் முகத்தைப் பார்த்தான். எத்தனை எதிராளிகளை எடைபோட்டவன். அவள் சந்தேகப்படுகிறாளா என்று தேடினான். சந்தேகத்தின் சாயல்கூட இல்லை. அதுதான் அவனைக் கொன்றது.

"நாம தொட்டோமே, உன் ஆபீஸ் விளையாட்டு, அதைப் போயி இவங்க சீட்டாட்டம்னு நெனச்சிட்டாங்கடா" என்றாள். "வேற எதையும் நான் தொட்டதே இல்லயே. உன் ஆபீஸ்ல ஒரு லெட்டர் வாங்கித் தா. குழந்தைங்க விளையாட்டுன்னு எழுதி, சீல் வெச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்தா நர்சிங் கவுன்சிலுக்கு எழுத மாட்டாங்களாம். எழுதிட்டா அப்புறம் எங்கயுமே வேலை பாக்க முடியாது."

அடுப்பில் குக்கர் இருந்தது. அது மூன்று விசில் அடிக்கும்வரை அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் சொன்னான். ஆபீஸ் இல்லை என்று சொன்னான். கிட்டத்தட்ட ஐந்து வருஷமாகவே இல்லை என்று சொன்னான். கிளி என்றால் என்ன, யானை என்றால் என்ன என்று சொன்னான். ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியாமல், எவ்வளவு ஜெயித்தான் என்பதைக்கூடச் சொன்னான். அதைச் சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமை எட்டிப்பார்த்ததை அவனே கேட்டான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அக்கா அடிப்பாள் என்று நினைத்தான். அழுவாள் என்று நினைத்தான். அவள் எழுந்து போய்க் குக்கரை அணைத்தாள். பிறகு தன் வலது கையை முன்னே நீட்டி, யாருடைய கையையோ பார்ப்பது மாதிரி பார்த்தாள்.

"மேரிகிட்ட வேற சொன்னேன்" என்றாள்.

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு இரண்டு பேரும் அந்த மூன்றாம் மாடியில் உட்கார்ந்திருந்தார்கள். செபஸ்தியானுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். ரொம்பப் பார்த்துவிட்ட கண்கள், ஆனால் கடுமை கிடையாது. அறவாழி எழுதிக்கொண்டுவந்த வாக்குமூலத்தை இரண்டு தடவை படித்தார்.

"தம்பி, இந்த மாதிரி வாரத்துக்கு நாலு பேரு எழுதிட்டு வராங்க" என்றார். "அப்பாவுக்காக மகன், புருஷனுக்காகப் பெண்டாட்டி. பழியை ஏத்துக்க வரவங்கதான் பாதிப் பேரு. காயிதத்தை நம்பி நான் பேரை எடுக்க முடியாது. அஞ்சு மாசம் ஆடினது நீங்கதான்னு எனக்குத் தெரியணும்."

அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று அறவாழி கேட்டான். அவனுக்காக மட்டும் தடை நீக்கிய ஒரு திரை இருக்கிறது, அதில் பத்துக் கை ஆட வேண்டும், பணம் கிடையாது, எதிரே இருப்பதும் மெஷின்தான் என்றார். நிரூபணமானால் மூன்றாம் பட்டியல். ஏழு வருஷத்துக்குத் தொடுதிரை எதுவுமே அவன் விரலுக்குப் பணியாது. பஸ் டிக்கெட்கூட வேறு யாராவதுதான் எடுத்துத் தர வேண்டும். நிரூபணமாகவில்லை என்றால் அக்காவின் பெயர் இருக்கிற இடத்திலேயே இருக்கும்.

"உங்க அக்கா அந்த நாற்காலியில உக்காரலாம். ஆனா பேசக் கூடாதும்மா, ஒரு வார்த்தைகூட" என்றார்.

மங்கை தலையாட்டினாள். ஏதோ சொல்ல வருகிறவள் மாதிரி தம்பியைப் பார்த்தாள். பிறகு முந்தானையைச் சுற்றிக்கொண்டு ஓரத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

அறவாழி திரைக்கு முன்னால் உட்காரும்போது சத்தியமாக நல்ல எண்ணத்தோடுதான் உட்கார்ந்தான். இது ஆட்டமில்லை, சாட்சி சொல்வது என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டான். முதல் கை வந்தது. வேஷம் போடாத நிஜச் சீட்டு. கிட்டத்தட்ட ஒரு வருஷமாயிற்று அவன் ராணியைப் பார்த்து. கட்டைவிரல் திரையைத் தொட்டது, திரை வெளுக்கவில்லை. உடம்பு முழுக்க ஒரு குளுமை இறங்கியது.

முதல் இரண்டு கைகளை மரியாதையாகக் கீழே வைத்தான். மூன்றாவதில் கொஞ்சம் ஜெயித்தான். நாலாவது கையில் எதிரே இருந்த மெஷினின் போக்கு பிடிபட்டது; சின்னச் சீட்டு வந்தால் அது சீக்கிரம் தொடுகிறது. அது பிடிபட்டதும் மின்விசிறிச் சத்தம் காதிலிருந்து போய்விட்டது. ஆறாவது கையில் வெறுங்கையோடு பந்தயத்தை இரண்டு மடங்காக ஏற்றி, மெஷினைப் பயமுறுத்திப் பின்வாங்க வைத்தான். சிரித்தான். அவன் சிரித்து எத்தனை நாளாயிற்று. மேசை இருந்தது, சீட்டு இருந்தது, அடுத்த சீட்டு இருந்தது. நர்சிங் கவுன்சில், லாரி டிரைவர், தையற்கடையில் கொடுத்த சாவி, எதுவும் இல்லை. நல்ல பசியில் சோற்றில் கை வைத்தவன் மாதிரி ஆடினான்.

பத்தாவது கையில் அவனிடம் நல்ல சீட்டு. நிச்சயம் ஜெயிக்க வேண்டிய கை. கடைசிச் சீட்டு திரும்பி மெஷினுக்கு விழுந்தது. தோற்றுவிட்டான்.

"போதும் தம்பி" என்று எங்கோ குரல் கேட்டது.

"இன்னும் ஒரே ஒரு கை சார்" என்றான். கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. "கடைசிக் கை சரியா வரல. இதை வெச்சு முடிவு பண்ணிடாதீங்க."

அடுத்த கை வந்தது. அவன் ஆடினான்.

திரை சட்டென்று இருண்டது. அறவாழிக்கு முதலில் கோபம்தான் வந்தது. யார் அணைத்தது என்று திரும்பினான். செபஸ்தியான் சுவரில் இருந்த சுவிட்சில் கைவைத்து நின்றுகொண்டிருந்தார். நாற்காலிக்கு வந்து உட்கார்ந்து, ரப்பர் முத்திரையை எடுத்து மையில் ஒற்றினார். அக்காவின் மனுவில் ஒரு குத்து, அறவாழியின் வாக்குமூலத்தில் ஒரு குத்து.

"நிரூபணம் ஆயிடுச்சு" என்றார். "அம்மா, நாளைலேருந்து நீங்க டியூட்டிக்குப் போகலாம். ஆர்டர் இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிடும்."

அறவாழிக்கு நிம்மதியாக இருந்தது. கூடவே, ஒரு ஆட்டக்காரனுக்கே உரிய புத்தி, எந்தக் கையில் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டான். ஆறாவது கையிலா, அந்த வெறுங்கை ஏற்றத்திலா?

செபஸ்தியான் மைப்பெட்டியை மூடிவைத்தார். "ஆட்டத்தை நாங்க பாக்கறதே இல்ல தம்பி. நல்லா ஆடுறவன் வேணும்னே மோசமா ஆடலாம், மோசமா ஆடுறவன் ஒரு நாள் நல்லா ஆடலாம். அதை வெச்சு ஒன்னும் சொல்ல முடியாது."

"அப்ப எதை வெச்சு சார்?"

"போதும்னு சொன்னா எந்திரிக்கிறாங்களான்னு பாப்போம். பழியை ஏத்துக்க வந்தவங்க அந்த வார்த்தைக்காகவே காத்துக்கிட்டு இருப்பாங்க, சொன்னதும் எந்திரிச்சிருவாங்க. உங்க அக்கா நான் போதும்ல 'போ'ங்கிறதுக்குள்ள எந்திரிச்சிட்டாங்க." அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார். "உங்ககிட்ட நான் மூணு தடவை போதும்னேன். நீங்க ஒரு தடவைதான் பதில் சொன்னீங்க."

"ஒரு கைதானே சார் கேட்டேன்."

"நான் அணைக்கும்போது ஓடிட்டு இருந்தது பதினேழாவது கை."

அறவாழி இருண்ட திரையைப் பார்த்தான். பதினொன்று அவனுக்கு ஞாபகம் இருந்தது. அதற்குப் பிறகு எதுவும் ஞாபகமில்லை. அக்கா இருக்கும் பக்கம் தலையைத் திருப்ப முடியவில்லை. ஐந்து மாதம் ஏமாற்றியபோதுகூட அவள் முகத்தைப் பார்த்துப் பேசியவன்தான்.

"இன்னொன்னும் நடந்துச்சு. அதை நான் எழுதிக்கல" என்றார் செபஸ்தியான், இந்தத் தடவை மங்கையைப் பார்த்துக்கொண்டு. "பதிமூணாவது கையில அம்மா பேசிட்டாங்க. விதிப்படி அது தப்பு. போகட்டும்."

இருவரும் கீழே இறங்கி வந்தார்கள். பஸ் நிறுத்தத்தில் நல்ல வெயில். வேலை திரும்பக் கிடைத்த அக்காவின் முகத்தில் சந்தோஷம் இருக்கும் என்று ஓரக்கண்ணால் பார்த்தான். இல்லை. அழுது முடித்த முகமாக இருந்தது. எப்போது அழுதாள் என்றே அவனுக்குத் தெரியவில்லை.

"என்னக்கா சொன்ன, உள்ள?" என்று கேட்டான்.

"எந்திரிடான்னேன்."

"எனக்குக் கேக்கவே இல்லக்கா."

"தெரியும்." அவள் வரும் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "எனக்கு வெச்சாங்களே, அன்னைக்கே அது என்ன சோதனைன்னு எனக்குப் புரிஞ்சிடுச்சுடா. வார்டுல தினம் பாக்குறதுதானே. வலி இருக்கிறவன் ஊசி போட்டதும் போதும் சிஸ்டர்னு தூங்கிடுவான். பழகிப் போனவன்தான் இன்னொன்னு கேப்பான்."

அறவாழிக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் அவள் பக்கம் திரும்பினான். "நான் எந்திரிச்சிருந்தா உன் பேரு பட்டியல்லயே இருந்திருக்குமேக்கா. உன் வேலை போயிருக்கும்."

"போயிருக்கும்."

"தெரிஞ்சா கூப்ட்ட?"

"தெரிஞ்சுதான்டா கூப்ட்டேன். வேலை போனாப் போகட்டும், நீ எந்திரிச்சிரணும்னு ஒவ்வொரு கைக்கும் வேண்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். நீ திரும்பிக்கூடப் பாக்கல."

உறையூர் வழியாகப் போகும் சத்திரம் பஸ் வந்து நின்றது. அவள் ஏறினாள். டிக்கெட் இயந்திரத்தில் இரண்டு பேருக்கும் சேர்த்துத் தொட்டுவிட்டு, உள்ளே இடம் பிடித்து, பக்கத்து இருக்கையில் கைப்பையை வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அறவாழி கீழேயே நின்றான். அடுத்த பஸ்ஸில் வருகிறேன் என்று கையைக் காட்டினான். அடுத்த பஸ்ஸில் அவனுக்கு யார் டிக்கெட் எடுத்துக் கொடுப்பார்கள் என்று அவனுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. அவள் பக்கத்தில் போய் உட்கார அவனுக்கு முகமில்லை. உறையூர்வரை நடந்தே போனான்.